தூக்காத கை

இரண்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், குழந்தைகள் உயரத்துக்கு அடித்த பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருக்கிறார் அந்த அம்மா. முன்னால் ஒரு பயிற்சி மாணவி பாடம் நடத்துகிறாள். "யாரு சொல்றீங்க?" என்று அவள் கேட்டதும் இருபது கைகள் படபடவென்று மேலே போகின்றன. மாணவியின் முகம் மலர்கிறது. அம்மாவின் முகம் சுருங்குகிறது. தூக்கிய கைகளை அவர் பார்ப்பதே இல்லை. தூக்காத கைகளைத்தான் எண்ணி நோட்டில் குறித்துக்கொள்கிறார். ஒன்பது.

"கை தூக்கறவன் எப்படியும் பொழைச்சுக்குவான். தூக்காம ஒண்ணு உக்காந்திருக்கே, அதைப் பாரு. அதுக்குத்தான் நீ வேலைக்கு வந்திருக்க" என்பார், பாடம் முடிந்ததும். மாணவி தலையாட்டுவாள். மறுநாளும் தூக்கிய கையைத்தான் பார்ப்பாள். நோட்டில் சிவப்பு மையில் "வேறு பாடம் எடுத்து மறுபடி நடத்துக" என்று விழும்.

கிராமத்துப் பள்ளிகளுக்கென்றே ஆசிரியர்களைத் தயார்செய்யும் கல்லூரி அது. அதற்குள்ளேயே, மாணவர்கள் பாடம் நடத்திப் பழக ஒரு மாதிரிப் பள்ளி. அந்தப் பயிற்சிப் பாடங்களுக்கு மேற்பார்வை அம்மாதான். வயது ஐம்பத்தொன்பது, ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. 'கடைசி பெஞ்சம்மா' என்றால்தான் காவலாளிக்கே தெரியும். சிவப்பு மையால் பிள்ளைகளை அழவைப்பார், உண்மைதான். அழுதவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பவரும் அவர்தான். ஒரே பாடத்தை அதே குழந்தைகளுக்கு இரண்டாம் முறை யாராவது நடத்தினால் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பயம் என்பதை அவரிடம்தான் பார்க்க வேண்டும். எட்டு மணிப் பேருந்துக்கு ஏழே காலுக்கே போய் நிற்பார். பள்ளியில் பெட்டி பெட்டியாகச் சாக்பீஸ் இருந்தும், கைப்பையில் காகிதத்தில் சுற்றி மூன்று வைத்திருப்பார். வீட்டைப் பூட்டி நாலு எட்டு நடந்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஒரு நாள் இதே மும்முரத்தில் கணவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். ஜன்னல் வழியாக அந்த மனிதர் சாந்தமாகக் கேட்டார்: "நான் எங்கயும் ஓடிற மாட்டேன். சாவியக் குடுத்துட்டுப் போறியா?"

ஆனால் நிஜமான நடுக்கம் வருடத்தில் இரண்டு மாதம்தான். அதற்குக் கிராமத் தங்கல் என்று பெயர். மாணவர்கள் இரண்டிரண்டு பேராகத் தொலைதூரக் கிராமங்களுக்குப் போய்த் தங்கி, ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருக்கும் பள்ளிகளில் பாடம் நடத்தவேண்டும். அந்த அறுபது நாளும் சாயங்காலம் ஆனால் போதும், ஒவ்வொருவருக்காகப் போன் போடுவார். "சாப்பிட்டியா" என்று கேட்பதற்கு முன்னால், "யாராவது வாயத் திறந்தாங்களா?" என்று கேட்பார். இது என்ன கேள்வி என்று பிள்ளைகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

இந்த வருடம் கல்லூரிக்கு நாற்பது. முதல்வர் புதியவர், கெட்டிக்காரர், நல்ல மனிதரும்கூட. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"விழா மலருக்கு முதல் அத்தியாயம் நீங்கதாம்மா எழுதணும். ஆரம்பகால வரலாறு. முதல் பேட்ச்ல படிச்சவங்க இங்க நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க."

"சரிங்க சார்."

"இன்னொண்ணு. கிராமத் தங்கல இந்த வருஷத்தோட நிறுத்திரலாம்னு இருக்கேன். பெத்தவங்க தினம் வந்து சண்டைக்கு நிக்கிறாங்க. போன தடவை ரெண்டு பிள்ளைங்களுக்கு மஞ்சள் காமாலை வேற. முழுப் பயிற்சியையும் மாதிரிப் பள்ளியிலயே குடுத்துரலாம். ஆரம்பத்துல அப்படித்தானே இருந்திருக்கு?" பழைய வெள்ளி விழா மலரை விரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். "பாருங்க. 'முதல் அணியின் இருபத்திரண்டு பேரும் மாதிரிப் பள்ளியில் மட்டுமே பயிற்சி பெற்று, கிராமங்களில் சிறப்புறப் பணியாற்றினர்.' இதையே கொஞ்சம் விரிவா எழுதிக் குடுங்க. காலேஜ் கமிட்டி தானா ஒத்துக்கும்."

அந்த வரியை எழுதியவர் வேறு யாரும் இல்லை. பதினைந்து வருடங்களுக்கு முன்னால், பெயர் போடாமல், அம்மாவே எழுதியது. அது பொய்.

நடந்தது வேறு. கல்லூரி தொடங்கியபோது அதற்கென்று இருந்தவை ஒரு பழைய கிடங்கின் இரண்டு கூடங்கள். ஒன்றில் பயிற்சி மாணவர்கள் இருபத்திரண்டு பேர். மற்றதில் அக்கம்பக்கத்திலிருந்து திரட்டிய முப்பது குழந்தைகள். மாதிரிப் பள்ளி அதுதான். ஒவ்வொரு மாணவரும் 'இலையின் பாகங்கள்' என்ற பாடத்தை நடத்திக் காட்டவேண்டும். எல்லாருக்கும் ஒரே பாடம் என்றால்தான் மதிப்பெண் நியாயமாக இருக்கும் என்று நினைத்தார்கள். நினைத்ததில் தப்பில்லை. அந்த முப்பது குழந்தைகளும் ஒரே பாடத்தை இருபத்திரண்டு தடவை கேட்கப்போகிறார்கள் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எட்டாவது ஆள் வருவதற்குள் குழந்தைகள் பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். கேள்வி முடியுமுன் முப்பது கைகள். பதினேழாவதாக வந்து நின்றவர் நம் அம்மா. அப்போது பத்தொன்பது வயது. அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது மறந்துபோய் நின்றார். முன்வரிசையிலிருந்து ஒரு வாண்டு ரகசியமாகச் சொன்னாள்: "டீச்சர், இப்ப இலையத் தூக்கிக் காட்டணும்." தூக்கிக் காட்டினார். வகுப்பே கோரஸாகப் பதில் சொன்னது. அந்த அணியில் முதல் மதிப்பெண் அவருக்குத்தான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். தங்கள் கையில் இருப்பது ஏட்டுச் சுரைக்காய் என்றே இவர்களுக்குத் தெரியாது. இருபத்திரண்டு பேரும் தங்களைப் பிறவி ஆசிரியர்கள் என்று நம்பிக்கொண்டு ஆளுக்கொரு கிராமத்துக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

அம்மாவுக்குக் கிடைத்த ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரே பேருந்து. ஒரே அறை, நாற்பத்தொரு குழந்தைகள். ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வரை. முதல் நாள் ஒரு இலையைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். ஒரு கையும் எழும்பவில்லை. மறுபடி கேட்டார். நாற்பத்தொரு ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன. கடைசியில் மூலையிலிருந்து ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அறை முழுக்கக் கேட்டது: "பாவம்டி, இவங்களுக்கு இலைன்னாகூடத் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பதினோரு நாள் இப்படியே போயிற்று. அவர் கேட்பார், அவர்கள் பார்ப்பார்கள். ராத்திரியில் படுத்தால் அந்தக் கண்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் பள்ளிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, தகரப் பெட்டியோடு பேருந்தில் ஏறிவிட்டார். பள்ளியைப் பூட்டினாரா இல்லையா என்று இன்றுவரை அவருக்கு நினைவில்லை. வழி நெடுக அழுதார். நடத்துனர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு அவரை உட்காரவைத்தார். மூன்று வருடம் கழித்து அந்த நடத்துனரையே அவர் கல்யாணம் செய்துகொண்டார் என்பது தனிக் கதை.

அவர் மட்டும் இல்லை. அந்தப் பருவம் முடிவதற்குள் ஏழு பேர் திரும்பிவிட்டார்கள். அன்றைய முதல்வர், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசும் மனிதர், யாரையும் திட்டவில்லை. ஆறு பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். அம்மாவை மட்டும் கல்லூரியிலேயே சிலேட்டு அடுக்கும் வேலையில் உட்காரவைத்தார். அன்றைக்குக் கல்லூரிப் பதிவேட்டில் முதல்வர் எழுதியது இரண்டே வரி: "ஏழு பேர் திரும்பினர். நாம் இத்தனை நாளும் பழக்கியது குழந்தைகளைத்தான், ஆசிரியர்களை அல்ல." பெயர் ஒன்றும் எழுதவில்லை. மறு வருடமே கிராமத் தங்கல் தொடங்கிவிட்டது. ஏன் தொடங்கியது என்பதை மெல்ல மெல்ல எல்லாரும் மறந்தார்கள். அம்மா அதற்கு உதவியாக ஒரு வரியும் எழுதிக் கொடுத்தார்.

இப்போது அந்த வரி திரும்பி வந்து வாசலில் நிற்கிறது. ஒரு வாரமாக எழுத உட்காருவதும் கிழிப்பதுமாக இருந்தார். உண்மையை எழுதினால், யார் அந்த ஏழு பேர் என்று கேட்பார்கள். பழைய பொய்யையே எழுதினால், அடுத்த வருடம் நாற்பது பிள்ளைகள் எழும்பும் கைகளையே பார்த்துப் பழகிவிட்டு, ஏதோ ஒரு ஊரில் இலையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த கணவர் கேட்டார்: "இதுல என்ன இருக்கு? எழுதிட்டுப் போயேன்."

"யாருன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு."

"சுலபமாச் சொல்லிட்டீங்க. எத்தனை பிள்ளைங்கள நிக்க வெச்சு மறுபடி நடத்துன்னு சொல்லியிருப்பேன்? பதினோரு நாள்ல ஓடிவந்தவளா எங்களச் சொன்னான்னு கேக்க மாட்டாங்களா? இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே. டிக்கெட் கிழிச்சுக் குடுத்தவனே நான்தானே." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த ரூட்ல பதினெட்டு வருஷம் ஓடினேன். உங்க காலேஜ் டீச்சருங்க எத்தனையோ பேர் ஏறி இறங்கியிருக்காங்க. தகரப் பெட்டியோட அழுதுக்கிட்டு ஏறினவங்க உனக்கப்புறம் ஒருத்தர்கூட இல்ல. அதையும் வேணா எழுது."

அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்க அம்மா உள்ளே போனார். அணைந்துதான் இருந்தது.

அன்று எழுதிவிட்டார். இலைப் பாடம், முப்பது குழந்தைகள், இருபத்திரண்டு தடவை, திரும்பிய ஏழு பேர், பதிவேட்டின் இரண்டு வரி எல்லாம் எழுதினார். வெள்ளி விழா மலரில் வந்தது தவறு என்றும் எழுதினார். அந்த ஏழு பேர் யார் என்று மட்டும் எழுதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் பாதியை வெளியே எடுத்துவைத்தார்.

விழாவுக்காகப் பெரிய கூடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால், கமிட்டி மாதிரிப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் கூடியது. பத்துப் பெரியவர்கள் குட்டி பெஞ்சுகளில் நெளிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். அம்மா வழக்கம்போலக் கடைசி பெஞ்சுக்குப் போனார். முதல்வர் நின்றுகொண்டு அத்தியாயத்தை உரக்கப் படித்தார். பாதியில் அவர் குரல் தயங்கியது.

பெற்றோர் சார்பில் வந்திருந்த தையல்காரர்தான் முதலில் எழுந்தார். அவருடைய மகள் அடுத்த தங்கலுக்குப் போகவேண்டியவள். "இது எங்க பொண்ணுங்கள அந்த ஊருக்கெல்லாம் அனுப்பறதுக்காகக் கட்டின கதை மாதிரில்ல இருக்கு? நாப்பது வருஷமா இல்லாத ஏழு பேரு இப்ப எங்கேருந்து வந்தாங்க?"

"பதிவேட்டில இருக்குங்க. நானே பார்த்தேன்" என்றார் முதல்வர். அவர் முகத்திலும் சங்கடம். "ஆனா பேர் இல்ல. எழுதினவங்களக் கேட்டேன், பேர் வேண்டாம்னுட்டாங்க. பழைய மலர் ஒண்ணு சொல்லுது, இது ஒண்ணு சொல்லுது. அந்த ஏழு பேர்ல ஒருத்தராவது இருந்து சொன்னா நம்பலாம். ஆளே இல்லாம எப்படி அச்சுல போடறது?"

"நாப்பது வருஷம் ஆச்சு. யாரு எங்க இருக்காங்களோ" என்றார் ஒருவர்.

"சரி. அந்த ஏழு பேர்ல யாரையாவது இங்க யாருக்காவது தெரியுமா?" முதல்வர் கேட்டுவிட்டு முன்வரிசையைப் பார்த்தார். "தெரிஞ்சவங்க சொல்லலாம். இல்லேன்னா அந்தப் பகுதிய எடுத்துட்டு, தங்கலையும் நிறுத்திரலாம்."

ஒரு கையும் எழும்பவில்லை. அம்மாவின் நோட்டு எதிரே திறந்துதான் இருந்தது. பேனா, பழக்கதோஷம், எண்ணைக் குறிக்கக் காகிதத்துக்கு வந்துவிட்டது. பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

முதலில் முழங்கை மேசையைவிட்டு எழும்ப மறுத்தது. பிறகு, பதில் சரிதானா என்று தெரியாத இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கை போல, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை மெல்ல மேலே போனது. முதல்வர் இன்னும் முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கும் வரை அம்மா கையை இறக்கவில்லை.