கோரைக்குள் போகிற ஆள்

பறவை பார்க்கத் தொடங்கி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. நத்தைகுத்தி நாரையை அடையாளம் தெரியும். சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் எல்லாம் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. தபால் ஆபீஸ் வேலைக்குப் போகுமுன், ஸ்கூட்டரில் பத்து நிமிடத் தூரத்திலுள்ள ஒரு குளத்தின் கரையில் பைனாகுலரோடு நிற்பேன். ஐம்பது வயதுப் பொம்பளை தனியாக நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் சும்மா விடுமா? "குளத்த அளக்க வந்திருக்கியளா?" என்று ஒருவர் கேட்டார். பறவை பார்க்கிறேன் என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

நானும் ஓர் ஆளை நம்பவில்லை. அவர் தினமும் மொபெட்டில் வருவார். நாற்பது வயதிருக்கும். கையில் அரிவாள், தோளில் காலிச் சாக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோரைக்குள் இறங்கினால் அரை மணி நேரம் ஆள் தெரியாது. திரும்பும்போது சாக்கு புடைத்திருக்கும். ஒருநாள் அதில் நீல இறகு ஒன்று ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி, கோரை அறுத்தீங்களா?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"ஆமா" என்றார். கோரை ஒரு தாள்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

அன்று மதியம் வனத்துறைக்குப் போன் செய்தேன். படம் இருந்தால் அனுப்புங்கள், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். மறுநாள் கருவேல மரத்துக்குப் பின்னால் நின்று செல்போனை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டார். நேராகக் கரையேறி வந்தார். அரிவாள் கையிலேயே இருந்தது. நான் இரண்டடி பின்வாங்கினேன்.

"என்னத்துக்கு என்னையப் படம் புடிக்கிய?"

"சாக்குல என்ன இருக்கு?"

அவர் சாக்கை என் காலடியில் கொட்டினார். பறவை பிடிக்கக் கட்டுகிற நைலான் வலை. துண்டு துண்டாக அறுத்த வலை, சேறும் இறகுமாக.

"நீங்க இங்க வர ஆரம்பிச்ச பொறவுதான் வலை கூடிப்போச்சு" என்றார். "கூடு எங்கன இருக்குன்னு குழாய வச்சுப் பாத்து, வலை கட்டுத ஆளுக்குச் சொல்லுதியன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. நானும் அவரைப் பற்றி அதையேதானே நினைத்திருந்தேன் என்பது சற்றுப் பிறகுதான் உறைத்தது. பதில் சொல்வதற்குள் கோரைக்குள் ஏதோ படபடத்தது. "இன்னும் ஒண்ணு கெடக்கு. வாரியளா?" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் இறங்கினேன். முழங்காலளவு தண்ணீர்.

நீலத் தாழைக்கோழி. அவர் அதைக் கானாங்கோழி என்றார். கழுத்திலும் ஒரு காலிலும் வலை இறுகியிருந்தது. அவர் இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் துப்பட்டாவால் அதன் தலையை மூடி, கைப்பையிலிருந்த நகவெட்டியால் இழை இழையாக வெட்டினேன். மூடியும் ஒரு கொத்து வாங்கினேன். கடைசி இழை அறுந்ததும் அது சேற்றை வாரி எங்கள் முகத்தில் அடித்துவிட்டு ஓடிப்போனது.

"வலை யாரு கட்டுறாங்க?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார். சட்டென்று சொன்னார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். கரையேறும்போது, "முன்னால நானும் கட்டுனவந்தான்" என்றார்.

அதற்கப்புறம் ஒன்றாகத்தான் வலை தேடுகிறோம். நான் கரையிலிருந்து பைனாகுலரில் பார்த்துச் சொல்வேன், அவர் போய் அறுப்பார். ஒரு வருடமாகிறது. வலை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கட்டுகிறவர் யாரென்று அவருக்குத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு இன்றும் போகவில்லை.

அவரும் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். நான் படங்களைப் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது தெரிந்ததும், "குளத்துப் பேர மட்டும் போட்ராதீய. யார் யாரு பாக்காவளோ" என்றார். சரியென்று பட்டது. போன மாதம் கோரையோரம் தாழைக்கோழி குஞ்சுகளோடு நின்ற படத்தைப் போட்டேன். எந்த இடம் என்று கேட்டார்கள். மணிமுத்தாறு பக்கம் என்று பொய் எழுதினேன். மணிமுத்தாற்றுக்கே போய்த் தேடிவிட்டு வந்த ஒருவர், இணையத்தில் எடுத்த படமா என்று குழுவிலேயே கேட்டுவிட்டார். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று போனை வைத்துவிட்டுக் குளத்துக்குக் கிளம்பினேன்.