விவரம் சொன்ன இருபத்து நாலு மணி நேரம்

எங்கள் தெருவில் என் அண்ணனுக்கு ‘விவரம்’ என்று பெயர். தொழில் பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி போடுவது. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பூட்டைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஏதாவது சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கும். எல்லாம் சினிமா பார்த்துச் சேர்த்தது. விண்வெளியில் குண்டு வெடித்தால் சத்தம் கேட்காது. கப்பல் மூழ்கினால் கேப்டன் கடைசியில்தான் இறங்குவார். மிரட்டல் போன் வந்தால் ஒரு நிமிஷமாவது பேச்சை இழுக்க வேண்டும், அப்போதுதான் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். இதில் எது நிஜம், எது கதை எழுதினவன் விட்ட ரீல் என்று அவனும் பார்த்ததில்லை, கேட்டவர்களும் பார்த்ததில்லை.

தன் தொழிலில் மட்டும் சினிமாவை நம்பமாட்டான். கதாநாயகி தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிப் பூட்டைத் திறந்தால் போதும், பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிடுவான். ஹேர்பின்னில் பூட்டு திறக்கும் என்றால் நான் எதற்குக் கடை போட்டு ஈ ஓட்டுகிறேன் என்பான். பூட்டு விஷயத்தில் புளுகுகிறவன் மற்ற விஷயத்திலும் புளுகுவான் என்று அந்த மண்டைக்குள் ஒரு நாளாவது ஏறியிருக்க வேண்டும். என் மண்டையிலும் ஏறவில்லை.

வீட்டில் மூன்று பேர்: அப்பா, அண்ணன், தங்கை நான். அப்பா தையல்காரர். எழுபது தாண்டியதும் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போக ஆரம்பித்தது. முதலில் காஜா எடுக்க மறந்தார், பிறகு சாப்பிட்டதை மறந்தார், அப்புறம் எங்களையே மறந்தார். பழைய போட்டோவைக் காட்டினால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அண்ணன் ஒரு படத்தில் பார்த்து வைத்திருந்தான். ஆல்பத்தை அவர் மடியில் விரித்து, தன் போட்டோவை விரலால் தட்டித் தட்டிக் காட்டினான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். இந்த ஆள் முழியே சரியில்லை, வீட்டுக்குள் விடாதே என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணன் சிரித்தபடியே கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினான்.

அவரைப் பார்த்துக்கொண்டது நான். வீட்டிலேயே அவர் மெஷினில் தைத்துக்கொண்டு இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டேன். ராத்திரி நாலைந்து முறை எழுந்து கதவைத் தேடுவார். அண்ணன் கதவுக்கு இரண்டு பூட்டு போட்டான். அப்படியும் நான் குறுக்கே பாய் போட்டுத்தான் படுப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்குத் துணி எடுக்க மாடிக்குப் போனேன். கதவைப் பூட்டாமல் போனது நான்தான், அதை யார் தலையிலும் கட்டப் போவதில்லை. இறங்கி வந்தபோது அவர் இல்லை.

ஆறு மணி வரை தெருத்தெருவாக அலைந்தோம். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று கேட்டபடி நான் மறுபடியும் செருப்பை மாட்டினேன்.

“இப்பப் போனா புகாரே எழுத மாட்டாங்க. காணாமப் போய் இருபத்து நாலு மணி நேரம் ஆகணும். அதுதான் ரூல்” என்றான் அண்ணன்.

கப்பல் கேப்டனைப் பற்றிச் சொன்ன அதே குரல். அவனுக்குத் தெரியாததா என்று நானும் செருப்பைக் கழற்றிவிட்டேன். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் போனான். காலையில்தான் திரும்பி வந்தான். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

மறுநாள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்து, மூன்று அடித்த பிறகு கிளம்பினோம். புகார் எழுதிய போலீஸ்காரர் எப்போதிலிருந்து காணவில்லை என்று கேட்டார். நேற்று மூன்று மணியிலிருந்து என்றேன். பிறகு ஏன் நேற்றே வரவில்லை என்றார். அண்ணன் அந்த ரூலைச் சொன்னான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“யாருய்யா சொன்னது? அப்படி ஒரு ரூலே கிடையாது. நேத்து ஏழு மணிக்கு பஸ் டெப்போலருந்து போன் வந்துச்சு. பெரியவர் ஒருத்தர் பேர் கூடச் சொல்லத் தெரியாம உக்காந்திருக்கார், யாராவது தேடி வந்தாங்களான்னு கேட்டாங்க. வரலன்னு சொல்லிட்டோம்.”

அதன் பிறகு இங்கிருந்து ஆள் போய்ச் சேர்வதற்குள் பெஞ்ச் காலியாகிவிட்டதாம். நாங்கள் டெப்போவுக்கு ஓடினோம். அங்கிருந்த டிக்கெட் பரிசோதகர், டீ வாங்கிக் கொடுத்தோம், குடித்தார், என் பையன் வருவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்றார். பெற்ற பையனின் முகம் மறந்துபோனவர் அதைச் சொல்லியிருக்கிறார். நாங்கள் வீட்டில் இருபத்து நாலு மணி நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அப்பா கிடைக்கவே இல்லை. ஆஸ்பத்திரி, ஆசிரமம், பிணவறை, எல்லாப் படியும் ஏறி இறங்கியாயிற்று. ஒன்பது வருஷம் ஆகிறது. உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. காற்றில் கதவு ஆடினாலும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்ப்போம், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலையைத் தொடர்வோம். தெருவில் இன்றும் அண்ணனை ‘விவரம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதைக் கேட்டாலும் தெரியாது என்கிறான். சினிமாப் பக்கம் போவதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு அரம் பிடித்த கை அப்படியே நின்றுவிடும். வாடிக்கையாளர் சாவி என்னாச்சு என்று அதட்டினால்தான் அசைவான்.

எனக்கு வாய் நீளம். முதல் வருஷம் சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், அப்பாவைக் கொன்றது உன் சினிமாதான் என்று கத்திவிட்டேன். அவன் எழுந்து கடைக்குப் போய்விட்டான். போன மாதம்தான், கடையில் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, தானாக அந்தப் பேச்சை எடுத்தான்.

“அன்னைக்கு எனக்கு நிச்சயமாத் தெரியாதும்மா. நீ கேட்டப்ப தெரியலன்னு சொல்ல வாய் வரல. அவ்வளவுதான் நடந்தது.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். திட்டுவேன் என்று எதிர்பார்த்தான் போல. அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் அந்த ரூலைச் சொன்னபோது எனக்கும் அது அபத்தமாகத்தான் பட்டது. வீட்டிலிருந்து ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை, எனக்குக் கால் இருந்தது. நாளைக்குப் போனால் போதும் என்று கேட்டதும் உடம்பெல்லாம் தளர்ந்து, ஒரு நிம்மதி வந்தது. அண்ணன் சைக்கிளில் ஊரெல்லாம் அலைந்துகொண்டிருந்த அந்த ராத்திரி, இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, யாரும் எழுப்பாமல் நான் விடிய விடியத் தூங்கினேன்.