குழியில் கிடந்த புல்லரிசி

ரங்கூனிலிருந்து இன்சீன் போகும் வழியில் ஒரு செம்மண் மேட்டில் துரை ஒருவருக்குப் பங்களா கட்ட அஸ்திவார வாணம் தோண்டினோம். நான் கூலியாட்களின் பேர் எழுதுகிறவன். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் துரை பேசுவதை ஆட்களுக்குச் சொல்வதும் என் பொறுப்பு. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் நான்.

இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி தட்டுப்பட்டது. தீயில் வெந்த கற்கள், ஒரு கல் கோடரி, கரிந்துபோன பொடி விதைகள். துரைக்குப் பழம்பொருள் பித்து உண்டு. மண்டியிட்டுப் பார்த்தார்.

ஆதி வேடர்களின் அடுப்பு இது, அமெரிக்காவில் காட்டெருமை தின்று வாழ்ந்தவர்களைப் போல இவர்களும் இறைச்சி தின்றவர்கள், விதைகள் எறும்பு சேர்த்தவை என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

மண் சுமக்கும் பெண் ஒருத்தி கூடையை இறக்கினாள். ஐம்பது வயதிருக்கும்.

“எறும்பு கண்டதையும் சேக்குமுங்க. இது ஒரே புல்லு. வறுத்து, தேச்சு, பொடச்சிருக்கு. மனுசன் வேலை.”

எப்படித் தெரியும் என்று துரை கேட்கச் சொன்னார்.

“தாது வருசப் பஞ்சத்துல எறும்புப் புத்தை வெட்டி எடுத்த புல்லரிசிய இப்படித்தானே வறுத்துத் தின்னோம்.”

எங்களை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி சிரித்தார். “எறும்பு வீட்டுல திருடுனவளா நம்ம பானையில கை வைக்கிறா?”

எங்களுக்கெல்லாம் சோறு மேஸ்திரியின் ஒரே பானையில்தான். அதிலிருந்து விலக்கப்பட்டவரை ரங்கூனில் வேறு எந்த மேஸ்திரியும் வேலைக்குச் சேர்க்கமாட்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்கய்யா. நம்ம சீமையில எத்தனை பேரு தின்னாங்க.”

இன்னும் ஒருவர் ஆமென்று சொன்னால் போதும், அவள் சொல்வதையே எழுதிக்கொள்வேன் என்றார் துரை. ஆட்களிடம் கேட்டேன். எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

அதே பஞ்சத்தில் என் தாய் கடப்பாரையால் புற்றை இடித்து, எறும்பை ஊதித் தள்ளி, புல்லரிசியைக் கஞ்சி காய்ச்சி எனக்கு ஊட்டினாள். நான் பிழைத்தது அதனால்தான்.

“ஒருவருமில்லை, சார்,” என்றேன்.

துரை எறும்பு என்றே எழுதிக்கொண்டு குழியை மூடச் சொன்னார்.

மத்தியானம் அவள் தட்டை நீட்டியபோது மேஸ்திரி அகப்பையைப் பின்னால் இழுத்தார்.

“உனக்கெதுக்குச் சோறு? மேட்டுல புத்து நெறைய இருக்கே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு மேட்டை விட்டு இறங்கிப் போனாள். யாரும் கூப்பிடவில்லை.

பானையில் அவள் பங்கு மிஞ்சியிருந்தது. மேஸ்திரி அதை என் தட்டில் போட்டார். சாப்பிட்டேன்.