தரையில் இரண்டு மிதி

"ராணிக்குக் காது சுத்தமாக் கேக்கல, அண்ணாச்சி. தூங்கும்போது தொட்டா பதறிக் கடிச்சிரும்," என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் இன்றும் வேலை முடிந்து வந்ததும், தூங்கிக்கொண்டிருந்த என் கிழநாய்க்குப் பக்கத்தில் தரையை இரண்டு முறை மிதித்தேன். முழங்கால் வலித்தது. ராணி தலையைத் தூக்கியது.

அப்பாவும் இப்படித்தான். நூற்பாலையிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து, செவலை என்ற எங்கள் செவிட்டு நாய்க்காக வாசலில் இரண்டு மிதி மிதிப்பார். பேட்டை வீட்டின் சிவப்புச் சிமெண்டுத் தரை அதிரும். கோபமாக வருகிறார் என்று பயந்து நான் பாடப்புத்தகத்தை எடுப்பேன்.

"உனக்கில்லலே, அதுக்கு," என்பார்.

செவலை செத்தபிறகும் மிதித்தார்.

"அதுதான் போயிட்டுல்லா," என்றாள் அம்மா.

"கால் பழகிட்டு," என்றார் அப்பா.

ராணி மறுபடி படுத்துக்கொண்டது. என் காலும் பழகிக்கொண்டிருக்கிறது.