கைதட்டலுக்கு நடுவே வந்த வலிப்பு

எனக்கு முதல் வலிப்பு வந்தபோது கைதட்டினார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் டீ நேரம் என்றால் அது என் நேரம். முதலாளியின் நடை, பெண்ணாடம் பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர், எல்லாரும் என் உடம்பில் குடியிருந்தார்கள். அன்று நான் நடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் பாதியில் நின்றார். கண் ஒரே இடத்தில் நிலைத்தது. வாய் எதையோ மென்றது. கை சட்டைப் பொத்தானை நோண்டியது. புது அயிட்டம் என்று நினைத்தார்களாம். கீழே விழுந்து கைகால் இழுத்தபோது சிரிப்பு இன்னும் கூடியதாம். வாயோரம் ரத்தம் வந்த பிறகுதான் அடங்கியதாம். இப்படி ‘ஆம்’ போட்டுத்தான் எழுத முடிகிறது. நான் அங்கே இல்லை.

விழித்தபோது உள்ளங்கையில் குடோன் சாவி. உங்கள் எதிரில் யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். சாவி குடோனிலேயே இருக்கட்டும்.

என் வேலை சூளையில். உள்ளே சாமான் வெந்த பதத்தை நிறம் பார்த்துச் சொல்ல வேண்டும். நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவன் திடீரென்று இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அதைவிட மோசமான ஒரு நினைப்பும் இருந்தது. “வலிப்பாவும் இருக்கலாம், மனசு சம்பந்தப்பட்டதாவும் இருக்கலாம்” என்றார் உள்ளூர் டாக்டர். கம்பெனியில் அதையே சுருக்கிச் சொன்னார்கள்: “அண்ணன் நடிக்குது.” டீ நேரத்தில் என்னைச் சுற்றி இடம் காலியானது. இத்தனை வருஷம் நடிக்கப் பழக்கிய உடம்பு இப்போது என்னைக் கேட்காமலே நடிக்கிறதோ என்று எனக்கே சந்தேகம்.

இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுக்கச் சொன்னார்கள். தலையில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியாது. “மூளையப் பாக்கப் போறாங்க, சூடு தணியட்டும்” என்று என் மனைவி செல்வி நல்லெண்ணெயை அரக்கித் தேய்த்து அனுப்பினாள். ஒயர் ஒட்டுகிற பெண் கையை உதறினாள்.

“என்ன சார், வடை சுடவா வந்தீங்க? ஒண்ணும் நிக்க மாட்டேங்குது.”

தலையை அலசி, துவட்டி, மறுபடி ஒட்டினார்கள். அலைகள் சரியாக இருந்தன. ஒரு முறை சரியாக இருந்தால் வலிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. அன்று அது தெரியாததால், ஆஸ்பத்திரிக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்படியானால் நான் நடிகன்தானே.

சென்னையில் ஓர் ஆராய்ச்சி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். செல்வி துணைக்கு வந்தாள். செல்போன் முதலாளியிடம் மட்டும் இருந்த காலம் அது. ஊரிலிருந்து என்னைக் கூப்பிட ஆளும் இல்லை, வழியும் இல்லை.

அங்கிருந்த பெண் டாக்டர் ஒளிக்காமல் பேசினார். “மூளைய வெளியிலேருந்து காந்தத்தால தூண்டிப் பாக்குறோம். இது ஆராய்ச்சிங்க. இதனால உங்களுக்குக் குணமாகும்னு சொல்ல மாட்டேன். வேணாம்னா உங்க வைத்தியம் நிக்காது.”

“டாக்டர், சம்சாரத்தப் பத்தி நான் நெனைக்கிறது இதுல தெரிஞ்சிடுமா?”

“அதுக்கு மெஷின் எதுக்கு? மூஞ்சியே போதும்.”

சிரித்தேன். சம்மதக் கையெழுத்துப் போட்டேன். கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்தார். ‘டக்’. என் கட்டைவிரல் துள்ளியது. மறுபடி ‘டக்’, மறுபடி துள்ளல். நான் அசைக்கவில்லை, நடிக்கவும் இல்லை. இரண்டும் இல்லாமல் உடம்பு தானாக அசைகிற ஓர் இடம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு வீடியோ இ.இ.ஜி. (ஆளையும் அலையையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது). உள்ளூர் டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையைக் குறைத்து, தலையெல்லாம் ஒயரோடு ஓர் அறையில் உட்காரவைத்து, வலிப்புக்காகக் காத்திருந்தார்கள். நோய் வந்துவிட வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டது அங்கேதான். கேமராவைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. ஒயர் எட்டும் தூரத்துக்குள் முதலாளியாக நடந்து காட்டினேன். கேமரா சிரிக்கவில்லை. அதன்பின் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் அது வந்தது. மறுநாள் டாக்டர் திரையில் காட்டினார்.

“பாருங்க, அலை மொதல்ல இங்க மாறுது. மூஞ்சி அப்புறம்தான் மாறுது. இத யாராலயும் நடிக்க முடியாது.”

பொட்டுமடல் வலிப்பு (காதை ஒட்டிய மூளைப் பகுதியில் தொடங்குவது) என்றார். வியாதி உறுதியானதற்குக் கையெடுத்துக் கும்பிட்ட முதல் நோயாளி நானாகத்தான் இருப்பேன்.

பிறகுதான் திரையின் மறுபாதியைப் பார்த்தேன். செல்வி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருக்கிறாள். நான் பேச்சின் நடுவே நின்றுபோகிறேன். அவள் பதறவில்லை. பழத்தை வைத்துவிட்டு மணியை அழுத்துகிறாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வேலைக்குக் கிளம்புகிறவனிடம் சொல்வதுபோலச் சொல்கிறாள்: “சரி, போயிட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

வெளியே வந்ததும் கேட்டேன். “எத்தன நாளா இப்படிச் சொல்ற?”

“வூட்டுல சின்னதா வரும்ங்க. சோறு துண்ணும்போது நின்னுடுவீங்க. அப்புறம் வுட்ட எடத்துலேருந்து பேசுவீங்க. தமாசு பண்றீங்கன்னு மொதல்ல சிரிச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் சிரிக்கல.”

“சொல்லியிருக்கலாம் இல்ல?”

“ஊசிக்கே ஊரக் கூட்டுற ஆளு நீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

கம்பெனியில் நம்பினார்கள். ஆனால் சூளைப் பக்கம் விடவில்லை. இப்போது பேக்கிங்கில் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றுகிறேன். மாத்திரை போடுகிறேன், முழு வலிப்பு வருவதில்லை. சின்னது எப்போதாவது வருகிறது.

என் நாள் அறுபடாமல் ஓடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். நடுநடுவே இடைவெளிகள் இருந்திருக்கின்றன. எனக்குத் தெரியாமலே நான் அவற்றைத் தாண்டிவிட்டேன். அவள் ஒவ்வொன்றிலும் என் உடம்போடு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். இந்த நோயில் நான்தான் தனி ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் தட்டில் நான் பார்க்காமலே மோர் வந்திருந்தால், அவள் கை என் மணிக்கட்டில் இருந்தால், விட்ட பேச்சை அப்படியே தொடர்வதில்லை.

“வந்துட்டேன்” என்கிறேன்.