ஐந்தாவது பங்காளி

என் அக்கா புருஷன் பொன்னுவேலிடம் யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் அந்நியராக இருக்க முடியாது. பழனி அடிவாரத்தில் சாமி படக் கடை வைத்திருக்கிறார். படம் கேட்டு வருகிறவரிடம் விலை சொல்வதற்கு முன்னால் "நமக்கு எந்த ஊரு?" என்பார். அப்புறம் அம்மா பிறந்த ஊர், தாத்தா பேர், கொள்ளுத்தாத்தா பேர். கடைசியில் வந்தவர் சித்தப்பாவோ சகலையோ ஆகியிருப்பார். முருகன் படம் பாதி விலைக்குப் போயிருக்கும். "தானாடாட்டியும் தன் சதை ஆடும் மாப்ளே" என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார். என் அக்கா சிவபாக்கியம் உள்ளே பாத்திரத்தை உருட்டுவாள்.

இப்பேர்ப்பட்டவருக்குத் தன்னுடைய குலசாமி எதுவென்று தெரியாது. அவர் தாத்தா அண்ணன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு மலையை விட்டு இறங்கியவர். சாகிறவரைக்கும் ஊர்ப் பேரை வாயால் சொல்லவில்லை. கேட்டால் "மேல்மலை" என்று மட்டும் சொல்லித் துண்டை உதறுவாராம்.

இத்தனை நாள் இது யாருக்கும் உறுத்தவில்லை. மகள் சுசித்ராவுக்குக் கல்யாணம் கூடி வந்ததும் உறுத்தியது. அவள் கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறாள். அந்த ஹோட்டலுக்குக் காய்கறி போடும் பள்ளங்கி ஊர்ப் பையன் ஜெயமுருகனும் அவளும் விரும்பினார்கள். நல்ல வேளையாக ஒரே சாதி; யாரும் விஷம் குடிக்க வேண்டியிருக்கவில்லை. பேசி முடிக்க வந்த அன்று பையனின் அப்பா, "எங்களுக்கு மலையில ஒரு கருப்பு. உங்க குலசாமி எது சம்பந்தி? மொதப் பத்திரிகை அங்கதான வைக்கணும்" என்றார். மலையில் தடுக்கி விழுந்தால் ஒரு கருப்புதான். அதனால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொன்னுவேல் மட்டும் காலி டம்ளரில் வெகுநேரம் காப்பி குடித்தார்.

"பழனியாண்டவர்னு சொல்லிருங்க மச்சான். குலசாமி தெரியாதவங்களுக்கெல்லாம் அவர்தான" என்றேன்.

"அது பூர்வீகம் இல்லாத பய சொல்ற பதில்டா" என்று சீறினார்.

ஆக, என் கார், என் டீசல். வெள்ளனே கிளம்பினோம். சுசித்ராவும் ஏறிக்கொண்டாள். "அப்பாவைத் தனியா விட்டா வழியில யாரையாச்சும் தத்தெடுத்துட்டு வந்துருவாரு மாமா" என்றாள். பொய்யில்லை. வடகவுஞ்சி பிரிவில் டீ போட்டவர் பெரியப்பா மகனாகிவிட்டார். பூம்பாறையில் பூண்டு விற்ற இரண்டு பெண்கள் மதினிகள். அவர்களில் ஒருத்திதான் உருப்படியாக ஒன்று சொன்னாள்: "மன்னவனூர் மலைச்சாமி வீட்ல கேளுங்க. அவுக வகையறாவுல ஒருத்தர் அந்தக் காலத்துல கீழ எறங்கிப் போயிட்டாராம்."

மன்னவனூரில் புல்வெளி முழுக்க செல்ஃபிக் கூட்டம். அதைத் தாண்டி, கேரட் மூட்டைகளுக்கு நடுவே மலைச்சாமி உட்கார்ந்திருந்தார். பொன்னுவேல் இரண்டு கையையும் விரித்து, "உங்க தாத்தாவும் என் தாத்தாவும் கூடப் பொறந்தவங்கண்ணே!" என்றதும் அந்த மனுஷனின் முகம் சுருங்கியது. இந்தப் பக்கம் நிலம் என்ன விலை போகிறது என்று ஊருக்கே தெரியும். இத்தனை வருஷம் கழித்து ஒரு பங்காளி காரில் வந்து இறங்கினால் எதற்கு வருவான்? குளிர் காதை அறுத்தது. ஒரு வாய் சுடுதண்ணீர்கூட வரவில்லை.

"எங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தது வாஸ்தவந்தான். அவரைப் புலி அடிச்சிருச்சு" என்றார் மலைச்சாமி.

"புலி அடிக்கலண்ணே. பழனியில பொரிகடலைக் கடை வச்சாரு!"

"அது வேற ஆளா இருக்கும். எனக்குச் சோலி கெடக்கு."

பொன்னுவேல் விடுகிற ஆளா? பேர் சொன்னார், சண்டை போட்ட கதையைச் சொன்னார், தன் மூக்கையும் மலைச்சாமி மூக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். எதற்கும் அவர் மசியவில்லை. கடைசியில் பொன்னுவேல், "எங்க வீட்ல சுரைக்காய் சேக்க மாட்டோம். சாமி குத்தம்னு தாத்தா சொல்லுவாரு" என்றார்.

"அட, நாமளுந்தான சேக்குறதில்ல!" என்றாள் வாசலில் நின்ற மலைச்சாமி பெண்டாட்டி அன்னக்கொடி. புருஷன் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டாள்.

சுசித்ரா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "மாமா, ஜெயமுருகனும் சுரைக்காய் திங்க மாட்டாரு. வாய்க்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன்." அப்புறம் சத்தமாக, "அப்பா, போதும், வாங்க வெரசாப் போவோம்" என்றாள்.

"இரு தாயி, இப்பத்தான வேரு தட்டுப்படுது!"

மலைச்சாமி பெருமூச்சு விட்டார். "சரிங்க, ஒத்துக்கிறேன். எங்க கருப்பு கோயிலுக்கு நாங்க நாலு பங்காளி. நீங்க அஞ்சாவது. இங்க மூணு வீடு, பள்ளங்கியில ஒண்ணு. அவுக பையன் ஜெயமுருகனுக்குக்கூட பழனியில பொண்ணு பாத்திருக்காங்க."

"அந்தப் பழனிப் பொண்ணு நான்தாங்க" என்றாள் சுசித்ரா.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். பங்காளி மகன் என்றால் அண்ணன் முறை. அண்ணனுக்கும் தங்கைக்கும் தாலி ஏது? பொன்னுவேல் கேரட் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் தெளிந்த ஒரே ஆள் மலைச்சாமி.

"பாருங்க, பங்காளின்னா கல்யாணம் இல்ல. கல்யாணம்னா பங்காளி இல்ல. மாப்பிள்ளைதான் வேணும்னா, கருப்பு முன்னால சூடத்தை அணைச்சு, ஒறவு இல்லன்னு சத்தியம் பண்ணிருங்க. நானும் மறந்துர்றேன், பள்ளங்கிக்காரர் காதுக்கும் போகாது."

"சாமிகிட்டயே பொய்ச் சத்தியமா? அதுவும் எங்க சாமிகிட்ட?" என்றார் பொன்னுவேல்.

"நீங்க தேடுனது உங்களுக்குக் கெடச்சிருச்சுப்பா. நான் தேடுனதை எனக்கு விட்ருங்க" என்றாள் சுசித்ரா. அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கேரட் தோட்டத்துக்குப் பின்னால், ஒரு மரத்தடியில், துருப்பிடித்த அரிவாள்களுக்கு நடுவே ஒரு கல். பொன்னுவேலின் தாத்தா பொங்கல் வைத்த இடம். பொன்னுவேல் விழுந்து கும்பிட்டார், எழுந்திருக்க நேரமானது. அப்புறம் எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை அடித்து, "எனக்கும் இந்தக் கோயிலுக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல" என்றார்.

திரும்பி வருவதற்குள் வீட்டில் கோழி அடித்துவிட்டார்கள். பங்காளிக்கு இல்லாத தண்ணீர் சம்பந்திக்குச் செம்பு செம்பாக வந்தது. "சாப்பிடுங்க சம்பந்தி, கூச்சப்படாதீங்க" என்று அன்னக்கொடி அள்ளி அள்ளிப் போட்டாள். பொன்னுவேல் குனிந்த தலை நிமிரவில்லை.

மலைச்சாமி நல்ல மனுஷன்தான். வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஆடியில கருப்புக்குக் கெடா வெட்டு. கட்டாயம் வந்துருங்க. தள்ளி நின்னு கும்பிட்டுக்கலாம். சாமி கறியில மட்டும் பங்கு கெடையாது, அது எங்க வகையறாவுக்கு மட்டுந்தான். வெளியாளு வாங்கக் கூடாது. தப்பா நெனைக்காதீங்க."

"இதுல என்னங்க இருக்கு. வெளியாளு வெளியாளாத்தான நிக்கணும்" என்றார் பொன்னுவேல்.

எனக்கு அவரைக் கேலி செய்ய வாய் வரவில்லை.