கண்ணாடிக் குழாயில் தெரிந்த தண்ணீர்

ஒருவரிடம் கேட்ட ஒரே ஒரு கேள்வி அவருடைய கடைசி நாட்களைக் கெடுத்துவிடுமா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலூரில் நான் வரலாறு கற்பிக்கும் கல்லூரியில் முதல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது நஸ்ரின் போன் செய்தாள். ரவூப் பாயின் மகள். "மேடம், அப்பா மௌத்தாயிட்டாரு. காலைல தொழுதுட்டு வந்து படுத்தாரு. டீ போட்டு எழுப்புனா எழுந்திரிக்கல." "லைன்ல இருக்கீங்களா மேடம்?" என்று இரண்டு முறை கேட்டாள்.

இந்தச் சங்க மலரைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ரயில் ஊழியர்கள். மீட்டர் கேஜ் நீராவி எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேனாக இருந்த ரவூப் பாயை உங்களில் பலருக்குத் தெரியும். நீராவி நின்றபோது வேலையை விட்டுவிட்டு, ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு பாய்லர் பார்க்கப் போனார். அங்கேதான் அவரை நான் சந்தித்தேன். தோலும் ரயிலும் இந்தப் பகுதியில் சேர்ந்தே வளர்ந்தவை என்பதால் இரண்டையும் பற்றி ஒரு புத்தகம் எழுத நினைத்து, குறிப்பேட்டுடன் பாய்லர் அறை வாசலில் போய் நின்றேன். முதல் கேள்வியாக, அந்தக் காலத்து எஞ்சின் விடும் கரும்புகையைப் பற்றிக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "படிச்சவங்க அத்தினி பேரும் புகையைத்தான் கேக்குறீங்க. புகை ஜாஸ்தியா வந்தா ஃபயர்மேன் தூங்குறான்னு அர்த்தம் மேடம். நல்லா எரியுற எஞ்சின்ல புகை கம்மி." குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த பதினோரு கேள்விகளில் நான்கை அங்கேயே அடித்தேன்.

அதன்பின் ஆறு ஆண்டுகள், மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமைகள் அவர் வீட்டில். அவர் சொல்வதையெல்லாம் பழைய கையேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். அது அவருக்குத் தெரியும். "ஷமீம், ஆடிட் ஆபீசர் வந்திருக்காங்க, டீ போடு" என்று மனைவியைக் கூப்பிடுவார். "என்னை நீங்க நம்பவே மாட்டீங்களா?" என்று ஒருமுறை கேட்டார். "நம்பிட்டா எழுத முடியாது பாய்" என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. பாய்லர் பார்க்கிறவனும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்.

எஞ்சினைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு விஷயங்களை மட்டும், அவர் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். வேலை செய்து முடித்த நீராவி புகைபோக்கி வழியாக வேகமாக வெளியேறும்போது, அடுப்புக்குள் காற்றை இழுத்துவிடுகிறது. ஆகவே வண்டியை எவ்வளவு சிரமப்பட்டு இழுக்கிறதோ அவ்வளவுக்கு நெருப்பு கொழுந்துவிட்டு எரியும். ரவூப் பாய் இதை, "தான் கஷ்டப்பட்டாத்தான் தன் அடுப்பு எரியும். அப்படி வேற மிஷின் கிடையாது மேடம்" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் சொல்லி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, தண்ணீர். அடுப்பைச் சுற்றிலும் மேலேயும் தண்ணீர் நிற்க வேண்டும். மேல் தகட்டை விட்டுத் தண்ணீர் இறங்கிவிட்டால் தகடு பழுத்து, பாய்லரே வெடிக்கலாம். அதற்குக் காவலாக அந்தத் தகட்டில் ஈயம் அடைத்த ஒரு திருகு இருக்கும். லெட் பிளக் என்பார்கள். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி, அந்த ஓட்டை வழியாக நீராவி அடுப்புக்குள் பாய்ந்து நெருப்பை அமர்த்திவிடும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு, கிளாஸ் என்பார்கள். ஆனால் முழுக்க நிறைந்த குழாயும் முழுக்கக் காலியான குழாயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அடைப்போ நுரையோ இருந்தாலும் குழாய் தவறாகக் காட்டும். அதனால் அடியிலுள்ள திருகைத் திறந்து, குழாயை ஊதி வெளியேற்றிவிட்டு, தண்ணீர் திரும்ப ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். "நெருப்ப எவன் வேணா பாத்துக்குவான். தண்ணியைப் பாக்குறவன்தான் ஃபயர்மேன். கண்ணை நம்பாதே, ஊதிப் பாரு" என்பார். ஷமீம் அக்கா அடுக்களையிலிருந்து, "வீட்டுக் குக்கரையும் ரெண்டு தபா தூக்கி ஆட்டிப் பாக்குற மனுஷன். சோறு வெந்த மாதிரிதான்!" என்பார்.

இனி எழுதப்போவதை அவர் வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

ரவூப் பாய் ஃபயர்மேனாக இருந்த ஒரு வண்டியில், கணியம்பாடியைத் தாண்டிய பிறகு லெட் பிளக் உருகியது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. டிரைவர் ஏகாம்பரத்தின் முன்கை வெந்துபோனது. விசாரணையில் இருவரும் குழாயில் தண்ணீர் தெரிந்தது என்றார்கள். ரவூப் பாயைக் கண்டித்து விட்டுவிட்டார்கள். ஏகாம்பரத்தை மெயின் லைனிலிருந்து இறக்கி, ஷெட்டுக்குள் பெட்டி தள்ளும் வேலைக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அதற்குப் பிறகு இருவரும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

தண்ணீர்தான் காரணம் என்பது ரவூப் பாயின் கட்சி. பாலாற்றங்கரைக் கிணறுகளில் தோல் பதனிடும் உப்பு இறங்கியிருந்தது, வழியில் பிடித்த தண்ணீர் பாய்லருக்குள் நுரைத்தது, நுரை குழாயில் நிறைந்து நின்றது என்று சொல்வார். "தண்ணி பொய் சொல்லிச்சு மேடம்." இது நடக்கக்கூடியதுதான். உப்பு மிகுந்த தண்ணீர் நுரைக்கும் என்று கையேடுகளும் சொல்கின்றன. ஆனால் நுரைத்திருந்தால், ஊதிப் பார்க்கும்போது தெரிந்திருக்கும்.

அந்த அத்தியாயத்தை முடிக்கும் சனிக்கிழமையன்று கேட்டேன். "பாய், அன்னிக்கு நீங்க கிளாஸை ஊதிப் பாத்தீங்களா?"

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "எழுதணுமா மேடம்?"

"தெரிஞ்சாத்தான் எழுத முடியும்."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்குப் போன் பண்ணிச் சொல்றேன்" என்றார்.

பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. அவரை அவசரப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், பேச்சைத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. பதினெட்டாம் நாள் நஸ்ரினின் போன் வந்தது.

ஆம்பூரில் பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துப் போன பிறகு ஷமீம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குப் போன் பண்ணணும்னு தினமும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு நம்பரைத் தேடுவாரு. எடுத்து வெச்சுட்டு, அப்புறமா பண்றேன்னு படுத்துக்குவாரு. இன்னா விஷயம்னு என்கிட்ட சொல்லல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல அங்கே எனக்குத் துணிவில்லை. தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று அவர் கேட்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன? அவர் குரல் பதிவான நாடாக்கள் இல்லை. பதிவு செய்ய வேண்டாம் என்றிருந்தார். என் கையெழுத்தில் அவர் பேச்சு நான்கு குறிப்பேடுகளில் இருக்கிறது. என் முதல் கேள்வி முட்டாள்தனமானது என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர் என்பதை வைத்துக்கொள்கிறேன். சரிபார்க்கிறவளைச் சந்தேகப்படாமல், சரிபார்ப்பதுதான் மரியாதை என்று புரிந்துகொண்டவர் அவர் ஒருவரே. கடைசியில் அந்த மரியாதையைத்தான் அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அதை அவர் எப்படி வாங்கிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் இன்னும் காலை சீக்கிரம் எழுந்துவிடுகிறேன். போக இடமில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செய்தியைச் சொல்வதற்காகக் கணியம்பாடிக்குப் பக்கத்திலிருக்கும் ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டியவர். புத்தகத்துக்காக ஒருமுறை பார்த்திருக்கிறேன். அப்போது அந்த விபத்தைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார்.

"ரவூப் போய்ட்டானா?" என்றார். பிறகு வெந்த தழும்புள்ள கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, அவன் ஏன் என் வீட்டுப் பக்கம் வர்றதே இல்லன்னு உனக்குத் தெரியுமா? கிளாஸ ஊதினா அந்தச் சத்தம் எஞ்சின்ல இருக்கிற எவனுக்கும் தப்பாது. அன்னிக்கு அவன் ஊதல. எனக்கு அப்பவே தெரியும்."

தழும்பைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார்.

"வண்டி லேட்டு. கிளாஸ் ரொம்பித் தெரிஞ்சிச்சு. ஆனா அவன் பக்கம் ஒரு கிளாஸ்னா, என் பக்கமும் ஒண்ணு இருக்குதில்ல? நானும் ஊதல."

அந்த எஞ்சினின் வரைபடம் என் மேசையில் இருக்கிறது. அதில் இரண்டு குழாய்களும் இருக்கின்றன, பக்கத்துக்கு ஒன்றாக. பல முறை பார்த்திருக்கிறேன். கேள்வியை ஒருவரிடம்தான் கேட்டேன்.

"விசாரணையில நீங்க சொல்லலையா?"

"அவன் ஊதலன்னு நானும் சொல்லல, நான் ஊதலன்னும் சொல்லல. அவனைக் காப்பாத்திட்டேன்னு நெனச்சுக்கிட்டேன். அவன் என்னைக் கெடுத்துட்டதா நெனச்சுக்கிட்டிருந்தான் போல." சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "என்னை ஆம்பூருக்கு இட்டுக்கினு போறியா?"

வாடகைக் காரில் போனோம். பள்ளிகொண்டாவைத் தாண்டினோம். பிறகு, "அவன் கரி போட்டா ஸ்டீம் எறங்கவே எறங்காது. அத எழுதினியா?" என்றார். எழுதியிருக்கிறேன் என்றேன்.

கணவர் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வராமலிருக்கும் இத்தா நாட்கள் ஷமீம் அக்காவுக்குத் தொடங்கியிருந்தன. உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "டிரைவர் அண்ணனா? உக்காருங்கண்ணா."

ஏகாம்பரம் உட்காரவில்லை. கதவைப் பார்த்து, மேலதிகாரியின் முன் நிற்பதைப் போல நின்றுகொண்டு, கணியம்பாடியில் என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். "அவன் மேல மட்டும் தப்பில்லம்மா. நானும் ஊதல."



"ராத்தூக்கத்துல அலறுவாரு" என்றார் ஷமீம் அக்கா. "கல்யாணமான நாளா. உங்க பேரைச் சொல்லித்தான் அலறுவாரு. இத ஒரு தபா, ஒரே ஒரு தபா வந்து அவர்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?"

நஸ்ரின் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். ஏகாம்பரம் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அரை மணி நேரம் கழித்து அவரைக் கணியம்பாடிக்குத் திரும்ப அழைத்து வந்தேன்.